ஓபெத் ஆல்பங்களை எடைபோடப் பழகுவது எப்படி?

ஓபெத் என்ற ஸ்வீடன் மெட்டல் இசைக்குழு 1995 முதல் 2024 வரை 14 ஸ்டுடியோ ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறது. நாற்பது நிமிடத்துக்குக் குறைவாக ஓடும் ஆல்பம் ஒன்றுகூடக் கிடையாது. பாட்டுக்குப் பத்து நிமிடம் என்பது சர்வ சாதாரணம். அடிவயிற்றிலிருந்து எழும் உறுமலும், காதோரம் பாடுவது போன்ற மெல்லிய குரலும் ஒரே பாட்டில், ஒரே மனிதரிடமிருந்து வரும். புதிதாக வருபவர் எங்கே கால் வைப்பது என்று திணறுவது இயல்புதான்.

ஸ்டாக்ஹோமில் உருவான இந்த ப்ராக்ரசிவ் மெட்டல் (நீண்ட, திருப்பங்கள் நிறைந்த கனமான ராக் இசை) குழு 2009-இல் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில், சாரங் விழாவில் வாசித்தது. சென்னையில் மெட்டல் கேட்பவர்கள் கூடினால் அந்தப் பேச்சு இன்றும் வரும். அதைக் கேட்டு ஆசைப்பட்டு உள்ளே வரும் கல்லூரிப் பிள்ளைகள் "அண்ணா, எந்த ஆல்பம் பெஸ்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் அது இன்னொருவர் காதால் போட்ட பட்டியல். உங்கள் காதால் நீங்களே எடைபோடப் பழக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஓபெத்தை எடைபோட நான் நம்பும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இணைப்புகள். மென்மையான பகுதியிலிருந்து கனமான பகுதிக்கும், கனத்திலிருந்து மென்மைக்கும் பாட்டு எப்படிப் போகிறது என்பதுதான் இந்தக் குழுவின் உயிர். வேகம், கிட்டார் வித்தை, உறுமலின் ஆழம் எல்லாம் பிறகு. இணைப்பு நன்றாக இருந்தால் பத்து நிமிடம் போனதே தெரியாது. அது பிசகினால் நான்கு நிமிடமே நீளமாகத் தோன்றும்.

தொடங்கும் முன்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். விலை உயர்ந்த ஹெட்போன் வேண்டியதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் காதில் வைத்துப் பார்த்து வாங்கும் ஒரு சுமாரான, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போதும். காதை மூட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் நம் ஊர் மின்விசிறி. மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ஓபெத்தின் அக்கூஸ்டிக் கிட்டார் பகுதிகள் பல, விசிறியின் இரைச்சலுக்குள் அப்படியே மறைந்துவிடும் அளவுக்கு மெல்லியவை. அவை கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள். அடுத்த நொடி முழுக் குழுவும் இறங்கும்போது காது வலிக்கும். அதோடு, மெல்லியது சரியாகக் கேட்காவிட்டால் இணைப்பும் கேட்காது, எடைபோடுவதற்கு எதுவும் இருக்காது.

இதே காரணத்தால் பறக்கும் ரயிலிலோ மெட்ரோவிலோ முதல் முறை கேட்க வேண்டாம். நன்கு பழகிய ஆல்பத்தை வேளச்சேரி போகிற வழியில் கேட்கலாம், தவறில்லை. முதல் முறை என்றால் வீடு, இரவு, தெரு அடங்கிய நேரம்.

செயலியில் மூன்று அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷஃபிள் கூடாது. பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் குழைத்துவிடும் கிராஸ்ஃபேடு கூடாது. பாஸ் பூஸ்ட் கூடாது. கிராஸ்ஃபேடு பலருக்கும் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். 'டாம்னேஷன்' ஆல்பத்தில் 'க்ளோஷர்' என்று ஒரு பாட்டு உண்டு. நன்றாகச் சூடேறிப் போய்க்கொண்டிருக்கும்போதே வெட்டினாற்போல் நின்றுவிடும். அந்த வெட்டு அவர்கள் யோசித்து வைத்தது. கிராஸ்ஃபேடு இருந்தால் அதைக் கேட்கவே முடியாது.

முதல் படி: குரலைத் தெரிந்துகொள்ளுங்கள்

'டாம்னேஷன்' 2003-இல் வந்தது. இதில் உறுமல் அறவே இல்லை. மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் பாடுகிறார், அவ்வளவுதான். குழுவின் பாடகர், கிட்டார் கலைஞர், ஏறத்தாழ எல்லாப் பாடல்களையும் எழுதுபவர் எல்லாம் அவரே. போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன் இதைத் தயாரிப்பதில் உதவியதோடு கீபோர்டும் வாசித்திருக்கிறார். எட்டுப் பாடல்கள், சுமார் 43 நிமிடம். 'விண்டோபேன்' பாட்டோடு தொடங்கும். மழைக்காலத்து மாலைக்கு மிகவும் பொருந்துகிற ஆல்பம். நவம்பரில் கேட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இதில் தொடங்கச் சொல்வது சுலபமான வழி என்பதால் மட்டும் இல்லை. ஓக்கர்ஃபெல்ட் மெட்டை எப்படிக் கட்டுகிறார், எந்த இடத்தில் ஒரு சுரத்தை நிறுத்திக் கனக்க விடுகிறார், சோகத்தை எப்படி மிகையில்லாமல் சொல்கிறார் என்பதெல்லாம் இங்கே மறைவில்லாமல் தெரியும். பின்னால் உறுமலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதே கையெழுத்து வரும்போது அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

இரண்டு மூன்று நாள் இதையே கேளுங்கள். அவசரம் வேண்டாம்.

இரண்டாம் படி: உறுமல்

இங்கேதான் பலர் திரும்பிப் போகிறார்கள். வீட்டில் அம்மா கதவைத் தட்டி "என்னடா சத்தம் இது?" என்று கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். க்ரௌல் என்று சொல்லப்படும் இந்தக் குரலைப் பாட்டாகக் கேட்க முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் அதில் மெட்டு இல்லை. அதன் வேலை வேறு. தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து குரலெழுப்பி வரும்போது அந்தக் குரலில் சுருதி சுத்தம் தேட மாட்டோம். வந்திருப்பது யார், எவ்வளவு கோபத்தோடு வந்திருக்கிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. க்ரௌலையும் அப்படி ஒரு வேடத்தின் குரலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு 2001-இன் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்துக்குப் போங்கள். ஆனால் முதல் பாட்டில் தொடங்காதீர்கள். 'ஹார்வெஸ்ட்' கேளுங்கள், பெரும்பாலும் அக்கூஸ்டிக், உறுமல் இல்லை. பிறகு 'த ட்ரேப்பரி ஃபால்ஸ்'. சுமார் பதினொரு நிமிடம். தொடக்கத்தில் அக்கூஸ்டிக் கிட்டாரும் மேலே மெதுவாக இழையும் ஒரு மெட்டும் வரும், பிறகு தூய குரலில் பாட்டு, நடுவில் உறுமல், கடைசியில் முதல் மெட்டு திரும்ப வரும். திரும்ப வரும்போது அதே சுரங்கள்தான், ஆனால் நீங்கள் நடுவில் ஒரு கொந்தளிப்பைக் கடந்து வந்திருப்பதால் அது முன்பு இருந்தது மாதிரி இருக்காது. இதை உங்கள் உடம்பில் உணர்ந்துவிட்டால் உறுமல் எதற்கு என்ற கேள்வி தானாகவே ஓய்ந்துவிடும்.

அதன் பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே உட்காரலில் கேளுங்கள். 'ப்ளீக்' பாட்டில் ஓக்கர்ஃபெல்ட் குரலோடு இன்னொரு குரலும் வரும். அது ஸ்டீவன் வில்சன். இந்த ஆல்பத்தைத் தயாரிப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. குரல்களை அடுக்கியிருக்கும் விதத்தில் அது நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகும் உறுமல் ஒத்துவரவில்லை என்றால் கவலையில்லை. 'டாம்னேஷன்' ஆல்பமும் 2011 முதல் 2019 வரை வந்த நான்கு ஆல்பங்களும் உங்களுக்காகவே இருக்கின்றன. அவற்றை வைத்தே நல்ல ரசிகராக இருக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உறுமல் உள்ள ஆல்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல அப்போது நீங்கள் தகுந்த ஆள் இல்லை, சொல்லாமல் விடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு ஆல்பம், மூன்று முறை

முதல் முறை எதையும் எழுத வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததும் எந்த இடம் மனதில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் முறை ஒரு தாளும் பேனாவும். பாட்டின் போக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "3:40, மெல்லியதிலிருந்து கனம்" என்று ஒரு வரி போதும். விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த மாற்றம் ஓடிவிடும்.

மூன்றாம் முறை, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, பாடல் வரிகளோடு. ஓபெத்தில் வரிகள் சில ஆல்பங்களுக்கு மிக முக்கியம். 1999-இன் 'ஸ்டில் லைஃப்' முழுவதும் ஒரே கதை: நம்பிக்கை இல்லாதவன் என்று ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒருவன், மெலிண்டா என்ற பெண்ணுக்காகப் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். இது தெரியாமல் 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா' கேட்டால் அழகான பாட்டு. தெரிந்து கேட்டால் நெஞ்சு பிசையும். அதற்கு முந்தைய 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹார்ஸ்' 1998-இல் வந்தது. அதில் ஒரு பாட்டின் வரிகள் முடியும் சொல்தான் அடுத்த பாட்டின் தலைப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தாதி பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஆல்பத்தின் அமைப்பைச் சட்டென்று பிடித்துக்கொள்வோம்.

நான்காம் படி: இணைப்புகளைக் கேட்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நீங்கள் குறித்து வைத்த நிமிடங்களுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு இடத்திலும் முப்பது நொடி முன்னாலிருந்து கேளுங்கள். என்ன தேட வேண்டும்? மாற்றம் வரப்போகிறது என்று ஏதாவது முன்கூட்டியே சொல்கிறதா என்று பாருங்கள். டிரம்ஸில் ஒரு சிறு நகர்வு, கிட்டாரில் நீட்டி வைத்த ஒரு சுரம், பாஸ் கிட்டார் மட்டும் தனியாக நடப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். மாறிய பிறகு பழைய பகுதியிலிருந்து ஏதாவது கூட வந்திருக்கிறதா, மெட்டின் ஒரு துண்டோ தாளத்தின் நடையோ? ஒன்றுமே முன்னறிவிக்காமல், ஒன்றுமே கூட வராமல் மாறியிருந்தால், அந்த அதிர்ச்சி பாட்டுக்குத் தேவைதானா?

கடைசிக் கேள்விக்கு நல்ல பயிற்சி 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்'. 2005-இன் 'கோஸ்ட் ரெவரீஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு. சில நொடி மெல்லிய கிட்டார். உடனே முழுக் கனத்தோடு உறுமல் பாயும். முன்னறிவிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பாய்ச்சல் பாட்டு முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு மென்மையான இடத்திலும் "திரும்பப் பாயுமோ?" என்று காத்திருக்கிறோம். இப்படி ஒரு பதற்றத்தை விதைப்பதற்கு ஒரு வெட்டு தேவைப்பட்டால் அது நல்ல வெட்டு.

இந்தக் காதோடு ஆல்பங்களை வரிசையாகப் பார்த்தால் குழு வளர்ந்த கதை தெரியும். 1995-இன் 'ஆர்க்கிட்', 1996-இன் 'மார்னிங்ரைஸ்' இரண்டிலும் அழகான துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். 'மார்னிங்ரைஸ்' ஆல்பத்தில் ஐந்தே பாடல்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். 'பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்' 20 நிமிடம். அதைப் பெரிய சாதனை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பல நல்ல பாடல்களின் தொகுப்பாகத்தான் கேட்கிறது. நடுவில் எந்த நான்கு நிமிடத்தைத் தூக்கிவிட்டாலும் மீதி அசையாமல் நிற்கும். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டு பிட் யூ ஃபேர்வெல்' வேறு. உறுமலே இல்லாமல், மிகப் பொறுமையாகச் சூடேறி, ஒரே மூச்சில் முடிகிறது. பின்னால் வரப்போகும் ஓபெத் அங்கே முதல் முறை தலைகாட்டுகிறது.

'மை ஆர்ம்ஸ், யுவர் ஹார்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸுக்கு மார்ட்டின் லோப்பஸ் வந்தார். இந்த வரவை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். இணைப்பு என்பது பெரும்பாலும் டிரம்மர் கையில் இருக்கிறது. லோப்பஸ் கனமான பகுதியில்கூட ஒரு ஊஞ்சலாட்டத்தை விட்டுவைப்பார், மென்மையான பகுதியில் ஒரு உறுத்தலை விட்டுவைப்பார். அதனால் இரண்டுக்கும் நடுவே கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். உருகுவேயில் பிறந்த மார்ட்டின் மெண்டஸ் பாஸில் சேர்ந்துகொண்ட பிறகு, 'ஸ்டில் லைஃப்', 'பிளாக்வாட்டர் பார்க்' இரண்டும் துண்டு தெரியாமல் உருகிச் சேர்ந்தவை. என் தீர்ப்பில் 'ஸ்டில் லைஃப்' ஒரு படி மேலே. நிறையப் பேர் 'பிளாக்வாட்டர் பார்க்' என்பார்கள். அதன் ஒலி பெரியது, பாடல்கள் உடனே பிடிக்கும். 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்திலோ ஒவ்வொரு திருப்பமும் கதை திரும்புவதால் வருகிறது. அவனுக்குக் கோபம் வரும்போது கிட்டார் கனக்கிறது, அவளைப் பார்க்கும்போது இளகுகிறது. காரணமில்லாமல் எதுவும் மாறுவதில்லை.

அடுத்து ஒரு விசித்திரமான முடிவு எடுத்தார்கள். கனம் எல்லாவற்றையும் ஒரு ஆல்பத்திலும் மென்மை எல்லாவற்றையும் இன்னொன்றிலும் போட்டார்கள். 2002-இன் 'டெலிவரன்ஸ்', 2003-இன் 'டாம்னேஷன்' இரண்டும் ஒரே காலத்தில் ஒலிப்பதிவானவை. இணைப்பு என்ற அளவுகோலை வைத்து இவற்றை எப்படி எடைபோடுவது என்று கேட்பீர்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாள் கேளுங்கள். இணைப்பு இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே இருக்கிறது.

'கோஸ்ட் ரெவரீஸ்' ஆல்பத்தில் பெர் வீபெரி கீபோர்டு வாசிக்க, மெலட்ரான் என்ற பழைய கீபோர்டு, ஆர்கன் ஆகியவற்றின் ஒலிகள் இணைப்புகளின் இடுக்குகளில் போய் நிரம்புகின்றன. மாற்றங்கள் வழவழப்பாகின்றன. புதியவருக்கு மிக உகந்த கனமான ஆல்பம் இதுதான். 2008-இன் 'வாட்டர்ஷெட்' அதற்கு நேர்மாறாக, வேண்டுமென்றே மூட்டுகளைக் கழற்றிப் பார்க்கிறது. 'த லோட்டஸ் ஈட்டர்' பாட்டில் டிரம்ஸ் அசுர வேகத்தில் அடிக்க, மேலே ஓக்கர்ஃபெல்ட் மென்குரலில் பாடுகிறார். இரண்டு உலகங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 'பர்டன்' அருமையான மெட்டுள்ள பாட்டு. முடிவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் முறுக்காணிகளைத் திருகிச் சுருதியைக் குலைத்துக்கொண்டே போகிறார்கள். முதல் முறை கேட்பவர் ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஐந்தாம் படி: கையில் தாளம்

டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே நேரடியாக உதவும். ஓபெத் பாட்டில் தாளம் நழுவுகிறது என்று தோன்றினால் கையால் எண்ணுங்கள். கண்ட சாப்பின் ஐந்தும் மிஸ்ர சாப்பின் ஏழும் பழகிய காதுக்கு மேற்கத்திய இசையின் ஒற்றைப்படைத் தாளங்கள் பூச்சாண்டி காட்டாது.

'டெலிவரன்ஸ்' பாட்டின் முடிவை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று நிமிடத்தைத் தாண்டும் அந்தப் பாட்டின் கடைசிச் சில நிமிடங்கள் முழுவதும் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒரே ஒரு தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அடி எங்கே விழும் என்று நினைக்கிறீர்களோ அங்கே விழாது. ஏறக்குறைய ஒன்றுமே மாறாமல் அத்தனை நேரம் கட்டிப் போடுகிறது என்றால், அந்தக் கட்டு எவ்வளவு சரியாகச் செதுக்கப்பட்டது என்று புரியும்.

ஆனால் தாளம் சிக்கலாக இருப்பதற்காக மதிப்பெண் கொடுக்காதீர்கள். ப்ராக்ரசிவ் மெட்டல் ரசிகர்களிடம் நான் காணும் பெரிய குறை அதுதான். கடினமானதை வாசித்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறார்கள். ஓபெத்தின் மிகச் சிறந்த தருணங்கள் பல எளிய நாலு அடியில், இரண்டே சுரத்தில் நடக்கின்றன.

ஆறாம் படி: ஒலியைப் பிரித்துப் பார்ப்பது

முதல் இரண்டு ஆல்பங்களை ஸ்வீடன் இசைக்கலைஞர் டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஒலி மெலிந்திருக்கும். அதை இசையின் குறையாகக் கணக்கில் எழுத வேண்டாம். இருபது வயதுப் பையன்கள் கையில் இருந்த காசுக்குச் செய்தது. 'பிளாக்வாட்டர் பார்க்' முதல் ஒலி விரிகிறது.

இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வையுங்கள். சத்தமாக ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். அது எல்லோர் காதுக்கும் பொது. பழைய ஆல்பங்கள் பொதுவாகச் சற்றுத் தணிந்து ஒலிக்கும். செயலியில் பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பு இருந்தால் ஒப்பிடும் நேரத்தில் மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு நல்ல கருவி 2010-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிவான நேரலை. 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தை அப்படியே முழுவதும் வாசித்துவிட்டு, அதுவரை வந்த மற்ற எல்லா ஆல்பங்களிலிருந்தும் காலவரிசைப்படி ஒவ்வொரு பாட்டு வாசித்தார்கள். ஒரே மேடை, ஒரே ஆட்கள், ஒரே ஒலி. ஸ்டுடியோ வித்தியாசம் கழிந்துபோவதால் பாடல் எழுதும் திறன் வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்பது மட்டும் நிற்கும்.

ஏழாம் படி: 2011-க்குப் பிறகு

2011-இன் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் உறுமலை விட்டுவிட்டார்கள். எழுபதுகளின் ராக் இசைக்குப் போனார்கள். அட்டையில் ஒரு மரம்; பழங்களுக்குப் பதில் குழுவினரின் முகங்கள்; குழுவைவிட்டுப் போன வீபெரியின் முகம் மட்டும் மரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இந்தச் சண்டையில் புதியவர் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. 'பிளாக்வாட்டர் பார்க்' மாதிரி இருக்கிறதா என்று கேட்டால் இல்லைதான். இருக்க முயலவும் இல்லை. என்ன செய்யப் புறப்பட்டார்கள், அதைச் செய்தார்களா என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் 'ஹெரிட்டேஜ்' தடுமாறுகிறது. ஒரு பகுதி முடிந்து மௌனம், இன்னொன்று தொடங்கி மௌனம் என்று 'ஆர்க்கிட்' காலத்துப் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. 2014-இன் 'பேல் கம்யூனியன்' அதைச் சரிசெய்கிறது. உறுமல் இல்லாத காலத்தில் எனக்கு நெருக்கமான ஆல்பம் அதுதான். 2016-இன் 'சார்சரஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதைக் கடைசியில் கேட்டால் போதும். 2019-இன் 'இன் காடா வெனெனம்' ஸ்வீடிஷ், ஆங்கிலம் என இரண்டு மொழிகளில் வந்தது. முதலில் ஸ்வீடிஷ் பதிப்பைக் கேளுங்கள். பொருள் புரியாததால் குரலை வெறும் குரலாகக் கேட்பீர்கள். தாய்மொழியில் பாடும்போது ஓக்கர்ஃபெல்ட் சொற்களை எவ்வளவு தளர்வாக வைக்கிறார் என்பது மறுநாள் ஆங்கிலப் பதிப்பைக் கேட்டதும் விளங்கும்.

எட்டாம் படி: தீர்ப்பை எழுதுங்கள்

நட்சத்திரம் வேண்டாம், பத்துக்கு எட்டு என்பதும் வேண்டாம். எண் போட்டுவிட்டால் யோசனை நின்றுவிடும். அரைப் பக்கம் எழுதுங்கள். ஆல்பம் என்ன செய்யப் பார்க்கிறது, எந்த இணைப்பு நிற்கிறது, எது உடைகிறது, எந்தப் பாட்டு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுதினால் போதும். பிடித்தது என்பதையும் நன்றாகச் செய்யப்பட்டது என்பதையும் தனித்தனியே சொல்லுங்கள்; இரண்டும் பல நேரம் ஒத்துப்போகாது. 'டெலிவரன்ஸ்' ஆல்பத்துக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"கனம் மட்டும் என்று முடிவு செய்து எடுத்த ஆல்பம். ஆறு பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல். தலைப்புப் பாட்டின் முடிவு ஓபெத் செய்ததிலேயே சிறந்த தாள வேலை. 'எ ஃபேர் ஜட்ஜ்மென்ட்' நடுவில் வந்து மூச்சுவிட இடம் கொடுக்கிறது, அதன் மென்மை கனத்தோடு ஒட்டி நிற்கிறது. முதல் பாட்டு 'ரீத்' நீளம். அதே வேகத்தில் போவதால் திருப்பங்கள் திருப்பமாகப் படவில்லை. கடைசிப் பாட்டு முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது. மதிப்பு உண்டு, அடிக்கடி போட மாட்டேன்."

இதை எழுதி நண்பர்களிடம் காட்டுங்கள். ஹாஸ்டல் அறையிலோ டீக்கடையிலோ நான்கு பேர் ஒரே ஆல்பத்தைப் பற்றித் தனித்தனியே எழுதி வந்து படித்தால், ஒருவர் குறித்த இணைப்பு இன்னொருவர் காதில் விழவே இல்லை என்பது தெரியவரும். உடனே அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். வாதம் அங்கேயே தீரும், அல்லது இன்னும் சுவையாகும். ஒரு மாதம் கழித்து ஆல்பத்தை மீண்டும் கேட்டு, எழுதியதற்குக் கீழே தேதி போட்டு இரண்டு வரி சேருங்கள். முதலில் எழுதியதை அடிக்காதீர்கள்.

கேட்கும் வரிசை

என் பரிந்துரை இது: 'டாம்னேஷன்', 'பிளாக்வாட்டர் பார்க்', 'கோஸ்ட் ரெவரீஸ்', 'ஸ்டில் லைஃப்', 'டெலிவரன்ஸ்', 'வாட்டர்ஷெட்'. ஆல்பத்துக்கு ஒரு வாரம். இந்த ஆறும் முடிந்தால் எடைபோடும் காது வந்திருக்கும். அதன்பின் 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹார்ஸ்', 'மார்னிங்ரைஸ்', 'ஆர்க்கிட்' என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு 'பேல் கம்யூனியன்', 'இன் காடா வெனெனம்', 'ஹெரிட்டேஜ்', 'சார்சரஸ்'.

2024-இன் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். உறுமல் அதில் திரும்பி வருகிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், இறந்துபோன ஒரு பணக்காரத் தகப்பனின் உயிலைப் பிள்ளைகள் முன்னால் படிக்கிறார்கள், அதுதான் கதை. முதல் ஏழு பாடல்களுக்குப் பெயர் கிடையாது, உயிலின் பத்தி எண்கள்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்து, கதையையும் சொல்கிறார். பாடல்கள் முன்பைவிடக் குறுகியவை, திருப்பங்கள் மிக அடர்த்தியாக வருகின்றன. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு நிமிடம் குறிக்கப் பார்த்தால் கை ஓயாது. வரிகளை எடுத்துக்கொண்டு, யார் எப்போது பேசுகிறார் என்பதை மட்டும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உறுமல் யாருடைய குரல் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற இணைப்புகள் வரிசையாகத் திறக்கும்.